இன்குபேட்டரில் நாட்டுக்கோழிக் குஞ்சு: தண்ணீர் ஊற்றும் முன் முட்டையை எடை போடுங்கள்

நாகப்பட்டினத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்தில், சென்ற ஐப்பசியில் வைத்த 48 முட்டைகளில் 11 மட்டுமே பொரித்தன. பொரிக்காதவற்றை உடைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் முழு வளர்ச்சி அடைந்த குஞ்சு, ஓட்டைக் கொத்தாமலே, தண்ணீரில் ஊறியதுபோல் உப்பி இறந்து கிடந்தது. ஈரம் போதவில்லை என்று நானாக முடிவுகட்டி, அடுத்த முறை தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினேன்; அப்போது 7 மட்டுமே தேறின. காரணம் புரிந்த பிறகு, மூன்றாம் முறை 35 குஞ்சுகள் கிடைத்தன.

பத்து பெட்டைகளுக்கு ஒரு சேவல் இருக்கும் கூட்டத்திலிருந்து, இட்டு ஏழு நாளுக்கு உட்பட்ட முட்டைகளைக் கழுவாமல் எடுத்து, கூர்முனை கீழே இருக்குமாறு குளிர்ந்த அறையில் வையுங்கள். பத்து முட்டைக்கு மேல் இல்லையென்றால் இன்குபேட்டரே வேண்டாம். அடைக்கோழி நம்மைவிட நன்றாக அந்த வேலையைச் செய்யும்.

விசிறி உள்ள பெட்டியையே வாங்குங்கள் என்பது என் கருத்து. அதில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். பெட்டியோடு வரும் வெப்பமானியை அப்படியே நம்பாமல், வெதுவெதுப்பான நீரில் அதன் உணர்முனையையும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சேர்த்து வைத்து ஒப்பிட்டுவிடுங்கள். முட்டை வைக்கும் முன் ஒரு நாள் முழுவதும் பெட்டியை வெறுமையாக ஓட்டிப் பார்ப்பதும் அவசியம்.

இனி நான் இடறி விழுந்த இடம். அடைகாக்கும் காலத்தில் முட்டை தன் ஓட்டுத் துளைகள் வழியாக நீரை இழந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தைக் காற்று பிடிப்பதால் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. ஓட்டைக் கொத்துவதற்கு முன் குஞ்சு தன் முதல் மூச்சை அந்தக் காற்றறைக்குள்தான் இழுக்கிறது. நீர் குறையாவிட்டால் காற்றறை சிறுத்துவிடும். குஞ்சு திரும்ப இடமின்றி உள்ளேயே மூச்சடைத்துப் போகும். 18ஆம் நாளுக்குள் முட்டையின் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைந்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் எங்கள் கடற்கரைக் காற்றில் 80 விழுக்காடு ஈரம் இருப்பது சாதாரணம். 28 டிகிரியில் அவ்வளவு ஈரமுள்ள காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே பெட்டிக்குள் 47 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும். முதல் 18 நாட்களுக்கு அதுவே ஏறக்குறையப் போதுமானது. கோடையில் தருமபுரி போன்ற வறண்ட ஊரில் இருப்பவருக்கு இதே பெட்டியில் தண்ணீர் கட்டாயம் தேவைப்படும். ஆகவே ஊருக்கு ஊர் மாறும் இந்தக் கணக்கை மலிவான ஈரப்பதமானியிடம் ஒப்படைக்காமல், சமையலறைத் தராசிடம் ஒப்படையுங்கள்.

பத்து முட்டைகளுக்குப் பென்சிலால் எண்ணிட்டு ஒன்றாக நிறுங்கள். தொடக்கத்தில் 450 கிராம் என்றால், ஏழாம் நாள் 429, பதினான்காம் நாள் 408, பதினெட்டாம் நாள் 396 கிராம் என்ற அளவில் இறங்கி வர வேண்டும். எடை வேகமாகக் குறைந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். குறையவே மறுத்தால் தட்டைக் காயவிட்டுக் காற்றுத் துளைகளைத் திறந்து வையுங்கள்.

இந்த 18 நாட்களும் தினமும் மூன்று முறையாவது முட்டைகளைப் புரட்ட வேண்டும். ஏழாம் நாள் இரவு, கைப்பேசி விளக்கின்மேல் அட்டைக் குழலை வைத்து முட்டையை ஒளியில் பாருங்கள்; சிலந்தி வலைபோல் நரம்பு ஓடினால் கரு கூடியிருக்கிறது, வெறுமையாகத் தெரிந்தால் அது கூமுட்டை.

பதினெட்டாம் நாள் புரட்டுவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 விழுக்காடு வரை உயர்த்துங்கள். அதன்பின் மூடியைத் திறக்கக் கூடாது. தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகச் செலுத்தலாம். ஓட்டில் முதல் துளை விழுந்து குஞ்சு வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். பொறுக்காமல் நான் உரித்துவிட்ட ஒரு குஞ்சுக்கு இரத்தம் கசிந்தது. மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் முழுதாகச் சேர்ந்திருக்கவில்லை. சிறகு உலர்ந்த குஞ்சுகளை 35 டிகிரி வெப்பமுள்ள கூண்டுக்கு மாற்றி, வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் வெப்பத்தைக் குறைத்து வாருங்கள். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணில் விடுங்கள்.

பின்சேர்க்கை: கூமுட்டைகளை நீக்கியதும் எடைக் கணக்குக் குழம்புகிறது என்று வாசகர் சிலர் எழுதியிருந்தனர். மிஞ்சியவற்றை அன்றே மறுபடி நிறுத்துக் குறித்துக்கொண்டு, அந்த எடையில் நாளொன்றுக்கு 0.7 விழுக்காடு குறைகிறதா என்று பார்த்தால் போதும். மின்வெட்டைப் பற்றியும் கேட்டிருந்தனர்: ஓரிரு மணி நேரமென்றால், காற்றுத் துளைகளை மறைக்காமல் பெட்டியைக் கம்பளியால் போர்த்திவிட்டு, மூடியைத் திறந்து பார்க்கும் ஆவலை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.