நிரல் எழுதாதவர் லிப்ரே ஆஃபீஸுக்கு எப்படிப் பங்களிக்கலாம்?

கட்டற்ற மென்பொருளுக்கு நீங்களும் ஏதாவது செய்யலாமே என்று கேட்டால், "எனக்கு நிரல் எழுதத் தெரியாதே" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. ஆனால் ஒரு மென்பொருள் பயனரின் கைக்கு ஒழுங்காக வந்து சேர்வதற்கு நிரலாளரின் உழைப்பு மட்டும் போதாது. அதைப் பயன்படுத்திப் பார்த்து வழுக்களை, அதாவது மென்பொருளில் உள்ள பிழைகளை, எடுத்துச் சொல்வதற்கும், இடைமுகத்தை மொழிபெயர்ப்பதற்கும், கையேடு எழுதுவதற்கும், புதியவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கும் ஆட்கள் வேண்டும். 2010 செப்டம்பரில் ஓப்பன் ஆஃபீஸிலிருந்து பிரிந்து உருவான கட்டற்ற அலுவலக மென்பொருள் தொகுப்பான லிப்ரே ஆஃபீஸை இக்கட்டுரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. கடிதமும் கணக்குத் தாளும் தயாரித்துப் பழகிய எவரும் அதற்குத் தேவையான அறிவில் பாதியை ஏற்கெனவே பெற்றிருக்கிறார் என்பதே காரணம்.

முதலில், அதன் அண்மைப் பதிப்பை நிறுவிக்கொண்டு உங்கள் அன்றாட வேலையை ஒரு மாதமாவது அதிலேயே செய்யுங்கள். பங்களிக்க வேண்டும் என்பதற்காகவே குறை தேடினால் எதுவும் அகப்படாது. நாளை கொடுக்க வேண்டிய ஆவணத்தை இன்றிரவு முடிக்க உட்காரும்போதுதான் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும்.

அப்படித் தட்டுப்படுவதை வழு அறிக்கையாக எழுதுவதே முதல் பங்களிப்பாக இருக்கட்டும். வேர்டில் உருவாக்கிய ஒரு கோப்பை லிப்ரே ஆஃபீஸின் ஆவணச் செயலியான ரைட்டரில் திறந்தால் அட்டவணையின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே எழுத உட்கார வேண்டாம். உதவிப் பட்டியலில் (Help மெனுவில்) உள்ள பாதுகாப்பு முறையில் (Safe Mode) மென்பொருளை மறுபடி தொடங்கி, அப்போதும் அதே சிக்கல் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் உங்கள் கணினியில் உள்ள அமைப்புகளில்தான் இருக்கும். பிறகு, திட்டத்தின் வழுப் பதிவேடான பக்ஸில்லாவில் இதை வேறு யாராவது முன்பே எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். எழுதியிருந்தால் புதிய அறிக்கை வேண்டாம். அதன் கீழேயே உங்கள் கோப்பையும் விவரத்தையும் சேர்த்துவிடலாம்.

அடுத்து, கோப்பைச் சுருக்க வேண்டும். நாற்பது பக்க ஆவணத்தை அப்படியே இணைத்தால் அதைத் திறந்து பார்ப்பவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திகைப்பார். தேவையற்ற பக்கங்களை ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் வழு இன்னும் தெரிகிறதா என்று பார்த்து, கடைசியில் அந்த ஓர் அட்டவணை மட்டும் எஞ்சும்படி செய்யுங்கள். இணைக்கும் கோப்பு எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும் என்பதால், பெயர், முகவரி, சம்பள விவரம் போன்றவற்றை அழித்துவிட்டுப் பொய்ச் சொற்களை நிரப்புங்கள். என் முதல் அறிக்கையில் "கோப்பு சரியாகத் திறக்கவில்லை" என்று ஒரே வரி எழுதிவிட்டு, யாரும் கண்டுகொள்ளவில்லையே என்று பல நாள் குறைபட்டுக்கொண்டிருந்தேன். அந்த வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்பது பின்னர்தான் உறைத்தது. என்ன செய்தீர்கள் என்பதை வரிசைப்படி எழுதுங்கள். என்ன நடக்கும் என எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது என்பவற்றைத் தனித்தனியே சொல்லுங்கள். உதவிப் பட்டியலில் மென்பொருளைப் பற்றிய சாளரத்தில் உள்ள பதிப்பு விவரத்தை நகலெடுத்து ஒட்டுங்கள். ஓர் அறிக்கைக்கு ஒரு வழுதான். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், ஆனால் இலக்கண சுத்தம் யாரும் பார்ப்பதில்லை. குட்டிக் குட்டி வாக்கியங்களும் ஒரு திரைப்பிடிப்பும் போதும்.

இதைவிட எளிதானதும், அதிகம் பேர் கவனிக்காததுமான வேலை ஒன்று உண்டு. புதிதாக வரும் அறிக்கை உறுதிசெய்யப்படாதது என்ற நிலையில்தான் தொடங்குகிறது. வேறொருவர் தம் கணினியில் அதே படிகளைச் செய்து பார்த்து, ஆம், எனக்கும் இப்படித்தான் வருகிறது என்று சொன்ன பிறகே அது புதிய வழு என்ற நிலைக்கு உயர்கிறது. அந்த வேறொருவராக நீங்கள் இருக்கலாம். வாரத்துக்கு இரண்டு அறிக்கைகளைச் சோதித்து உங்கள் இயங்குதளத்தையும் பதிப்பையும் குறிப்பிட்டு முடிவை எழுதினாலே போதும். வழு உங்களுக்கு வரவில்லை என்றாலும் அதுவும் பயனுள்ள தகவல்தான்.

தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு இன்னொரு பெரிய வாசல் மொழிபெயர்ப்பு. லிப்ரே ஆஃபீஸின் சரங்கள், அதாவது திரையில் தெரியும் சொற்களும் வாக்கியங்களும், வெப்லேட் என்ற இணையவழிக் கருவியில் மொழிபெயர்க்கப்படுகின்றன. உலாவி ஒன்றே போதும். கணக்குத் தொடங்கியதும் தமிழ் மொழிக் குழுவினரிடம் அறிமுகம் செய்துகொண்டு, உதவிப் பக்கங்களின் கடலில் குதிக்காமல், நாள்தோறும் கண்ணில் படும் பட்டியல்களிலிருந்து தொடங்குங்கள்.

இங்கே அகராதி அறிவைவிட இலக்கண விழிப்புதான் அதிகம் தேவைப்படுகிறது. ஒரு கோப்பை அழிக்கவா என்று கேட்கும் சரத்தில், கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் விழுக்காட்டுக் குறியோடு கூடிய ஓர் இடம்பிடி இருக்கும்; மென்பொருள் இயங்கும்போது உண்மைப் பெயர் அந்த இடத்தில் வந்து அமரும். அதன் பின்னால் ‘ஐ’ என்ற உருபை ஒட்டிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் கடிதம் என்பது கடிதத்தை என்றும், வீடு என்பது வீட்டை என்றும், பட்டியல் என்பது பட்டியலை என்றும் மாறும். இந்த மாற்றம் மென்பொருளுக்குத் தெரியாது. எனவே இடம்பிடியை அடுத்து "என்ற கோப்பை அழிக்கவா?" என்று எழுதினால், உருபு கோப்பு என்ற சொல்லோடு சேர்ந்து, எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் பிழையின்றி நிற்கும். ஒரு சரத்தில் இரண்டு இடம்பிடிகள் இருந்தால், அவற்றுக்கு எண் இடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தால் தமிழ் வாக்கிய அமைப்புக்கு ஏற்ப முன்பின்னாக மாற்றலாம், இல்லாவிட்டால் வரிசையைத் தொடக்கூடாது.

கலைச்சொல்லில் இன்னொரு வகைச் சங்கடம். அணிகளைப் பற்றிய கணிதப் பாடத்தில் கிடையாகச் செல்வது நிரை, செங்குத்தாகச் செல்வது நிரல் என்று படித்திருப்போம். கணினித் துறையிலோ நிரல் என்றால் புரோகிராம். லிப்ரே ஆஃபீஸின் கால்க் போன்ற ஒரு விரிதாளில் இரண்டு பொருளும் ஒரே திரையில் மோதக்கூடும் என்பதால் நெடுவரிசை என்று எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் என் கருத்தைவிடக் குழுவின் சொற்கோவையில் இருப்பதுதான் முக்கியம். ஒரு சாளரத்தில் நிரலும் அடுத்த சாளரத்தில் நெடுவரிசையும் இருந்தால் பயனர் இரண்டும் வெவ்வேறு என்று எண்ணிக்கொள்வார். மாற்ற வேண்டும் என்று தோன்றினால் முதலில் குழுவில் பேசுங்கள்.

கேள்வி பதில் தளத்தில் விடை சொல்வது, கையேடுகளைப் புதிய பதிப்புக்கு ஏற்பத் திருத்துவது ஆகியவையும் உண்டு. கையேட்டுப் படிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, பட்டியலின் பெயர் மாறியிருந்தால் சுட்டிக்காட்டுவதே அதில் பாதி வேலை. எழுதுவதற்கே நேரமில்லை என்பவர், லிப்ரே ஆஃபீஸுக்கு வெளியே, பேச்சுத் தரவைத் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ் வாக்கியங்களைப் படித்துக் குரல் கொடுக்கலாம், அல்லது பிறர் படித்ததைக் கேட்டுச் சரிபார்க்கலாம்.

எதைச் செய்தாலும் பலன் கண்ணில் படச் சற்று நாளாகும். லிப்ரே ஆஃபீஸின் பெரிய பதிப்புகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வெளிவருகின்றன. 2024 முதல் பதிப்பு எண்ணிலேயே ஆண்டும் மாதமும் தெரியும், 24.8 என்றால் 2024 ஆகஸ்ட். வெப்லேட்டில் பதிப்புக்கு ஏற்பத் தனித்தனித் தொகுதிகள் இருப்பதால், எதைத் திருத்துகிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வளர்ச்சியில் உள்ள முதன்மைத் தொகுதியில் செய்த திருத்தம் அடுத்த பெரிய பதிப்பில்தான் வரும். இப்போது உங்கள் கணினியில் உள்ள பதிப்பில் அதைத் தேடிவிட்டு, யாரோ அழித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.