மஞ்சள் டீ மசாலாப் பொடி: வீட்டிலேயே அரைத்து வைத்துக்கொள்ளும் முறை

முதல் முறை மஞ்சள் டீ போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். மேலே வெறும் மஞ்சள் தண்ணீர், அடியில் வண்டல், வாயில் வைத்தால் பச்சை வாடை. காரணம் எளிது: மஞ்சள்தூள் தண்ணீரில் கரையாது. கொஞ்ச நேரம் மிதக்கும், அப்புறம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதற்கு நிறம் தரும் குர்குமின் கொழுப்பில்தான் கரையும். பொடியை நைசாக அரைப்பது, சலிப்பது, கொதிக்க விடுவது, பால் சேர்ப்பது எனக் கீழே வரும் பாதி வேலை இந்த ஒரு சிக்கலைச் சமாளிக்கத்தான்.

இதில் தேயிலை கிடையாது. வேண்டுமானால் கொதிக்கும்போது கால் தேக்கரண்டி போட்டுக்கொள்ளலாம். மஞ்சளின் கசப்போடு தேயிலையின் துவர்ப்பும் சேர்ந்துவிடும் என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை.

தேவையானவை

எல்லாம் பொடித்துச் சலித்த பிறகு உள்ள அளவு. கரண்டியைத் தலை தட்டி அளக்கவும்.

மஞ்சள்தூள் – 6 மேசைக்கரண்டி
சுக்குத்தூள் – 4 மேசைக்கரண்டி
பட்டைத்தூள் – 2 மேசைக்கரண்டி
மிளகுத்தூள் – 2 தேக்கரண்டி
ஏலக்காய்த்தூள் – 2 தேக்கரண்டி
கிராம்புத்தூள் – 1 தேக்கரண்டி
ஜாதிக்காய்த்தூள் – அரை தேக்கரண்டி

தராசு இருந்தால் மஞ்சள் 55 கிராம், சுக்கு 20, பட்டை 15, மிளகு 5, ஏலரிசி 4, கிராம்பு 2, ஜாதிக்காய் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் சுமார் 100 கிராம் வரும். கோப்பைக்கு அரை தேக்கரண்டி வீதம் ஏறக்குறைய 80 கோப்பை போடலாம். முதல் தடவை இதில் பாதி போதும். சுவை பிடித்ததா என்று தெரியாமல் பாட்டில் நிறைய அரைத்து வைப்பானேன்?

பொருள்களைப் பார்த்து வாங்குவது

மஞ்சளை மட்டும் தூளாகவே வாங்கிவிடுங்கள். காய்ந்த மஞ்சள் கிழங்கு கல்லு மாதிரி இருக்கும். சாதாரண மிக்ஸியில் போட்டால் பிளேடுதான் மழுங்கும். தூள் வாங்கியதும் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தூளைப் போட்டு, கலக்காமல் விட்டுவிடுங்கள். நல்ல தூள் இறங்கும்போது தண்ணீர் லேசான மஞ்சளாகத்தான் மாறும். சாயம் கலந்திருந்தால் தண்ணீர் அடர்ந்த மஞ்சளாகிவிடும். ஆனால் இதில் தேறிவிட்டது என்பதற்காக எல்லாக் கலப்படமும் இல்லை என்று ஆகிவிடாது. நிறத்துக்காகச் சேர்க்கப்படும் ஈயம் கலந்த சாயத்தை வீட்டுச் சோதனையில் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உள்ள உதிரித் தூளைத் தவிர்த்து, தயாரித்தவர் விவரம் அச்சிட்ட, முத்திரையிட்ட பொட்டலமாக வாங்குவது நல்லது.

பட்டையில் இரண்டு வகை உண்டு. மெல்லிய தாள்களை அடுக்கடுக்காகச் சுருட்டியதுபோல் இருப்பது ஒன்று. தடிமனாக ஒரே தோலாக இருக்கும் காசியா இன்னொன்று. காசியாவில் காரமும் மணமும் தூக்கலாக இருக்கும். கூடவே கூமரின் என்ற பொருளும் அதிகம். அது அளவுக்கு மீறித் தொடர்ந்து உள்ளே போனால் கல்லீரலுக்கு ஆகாது. எப்போதாவது குடிப்பவர்கள் எதை வேண்டுமானாலும் போடலாம். தினமும் குடிக்கப்போகிறீர்கள் என்றால் மெல்லிய சுருள் பட்டையே சரி.

சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். ‘கடுக்காய்க்கு அகநஞ்சு, சுக்குக்குப் புறநஞ்சு’ என்று நம் வைத்தியத்தில் சொல்வார்கள். நஞ்சோ இல்லையோ, மண் ஒட்டியிருப்பது அந்தத் தோலில்தான்.

வறுப்பது, அரைப்பது

பட்டையைச் சின்னத் துண்டுகளாக ஒடித்து, மிளகு, கிராம்போடு சேர்த்து வெறும் வாணலியில் சிறுதீயில் இரண்டு மூன்று நிமிடம் வறுங்கள். சிவக்க வேண்டாம். ஈரம் போய், கையில் எடுத்தால் சூடு தெரிய வேண்டும். பட்டை பட்டென்று உடைய வேண்டும். அவ்வளவுதான். கிராம்பு கருகினால் மொத்தப் பொடியும் கசந்துவிடும். மஞ்சள்தூளை வாணலியில் போடவே வேண்டாம், நொடியில் அடிப்பிடிக்கும்.

வறுத்ததை ஒரு தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு மிக்ஸியில் போட்டால் உள்ளே ஆவி கட்டி, பொடி ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். அந்த ஈரம்தான் பின்னால் கட்டி கட்டியாகத் தலைகாட்டும்.

சுக்கை முதலில் இடித்து நொறுக்கி, தனியாக அரைத்துவிடுங்கள். அதில் நார் அதிகம், மற்றதோடு சேர்த்தால் சீராக அரைபடாது. ஏலக்காயில் தோலை நீக்கி உள்ளே இருக்கும் விதையை மட்டும் எடுங்கள். தோலை எறிய வேண்டாம், டீ கொதிக்கும்போது போட்டால் மணக்கும். ஏலரிசியையும் வறுத்த சாமான்களையும் சேர்த்து, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடாகி வாசனை பறந்துவிடும். ஜாதிக்காயைத் துருவியில் தேய்த்துக்கொண்டால் போதும்.

இப்போது மெல்லிய சல்லடையில் எல்லாவற்றையும் சலியுங்கள். மேலே நிற்கும் கப்பியை இன்னொரு சுற்று அரைத்து மறுபடி சலிக்கவும். அதற்கும் மசியாத சுக்கு நாரை விட்டுவிடலாம். கடைசியாக மஞ்சள்தூளைச் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரு காய்ந்த பாட்டிலில் போட்டு மூடிக் குலுக்குங்கள். பழுப்புக் கோடுகள் மறைந்து ஒரே காவி நிறம் வந்தால் கலந்துவிட்டது.

பாட்டிலில் வைப்பது

கண்ணாடி பாட்டில் நல்லது. பிளாஸ்டிக்கில் மஞ்சள் ஏறினால் போகாது. வெளிச்சம் பட்டால் குர்குமின் சிதையும், நிறமும் மங்கும். அதனால் அலமாரிக்குள் வையுங்கள். கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே பாட்டிலைப் பிடித்து அதிலிருந்து அள்ளிப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த ஆவி நேராகப் பொடிக்குள் போய்விடும். தள்ளி நின்று, காய்ந்த கரண்டியில் எடுத்து, மூடிவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட்டால் வாசனை குறையாது.

டீ போடும் விதம்

ஒரு கோப்பைக்கு அரை தேக்கரண்டி பொடி. அதைச் சுடுதண்ணீரில் நேரடியாகக் கொட்டாதீர்கள். இரண்டு ஸ்பூன் பச்சைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள், கட்டி விழாது. முக்கால் கோப்பை தண்ணீரை அடுப்பில் வைத்து, குழைத்ததை ஊற்றி, சிறுதீயில் நான்கு நிமிடம் கொதிக்கவிடுங்கள். முதல் நிமிடத்தில் வரும் வாசனையில் மஞ்சளின் மண்வாடை தூக்கலாக இருக்கும். போகப்போக அது அடங்கி, பட்டையும் ஏலமும் முன்னுக்கு வரும். அந்த மாற்றம்தான் உங்களுக்குக் கடிகாரம். அப்புறம் அரைக் கோப்பை பால் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி வடிகட்டுங்கள்.

கொழுப்பு நீக்காத பாலாக இருந்தால் நல்லது. பால் வேண்டாதவர்கள் தேங்காய்ப்பால் சேர்க்கலாம், அல்லது வெறும் தண்ணீரில் போட்டுக் கால் தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடலாம். எலுமிச்சை பிழிவதாக இருந்தால் பால் கூடாது, திரிந்துவிடும். வெல்லமும் கொதிக்கும் பாலைத் திரித்துவிடலாம் என்பதால் இறக்கிய பிறகு சேர்க்கவும். தேன் விடுவதானால் ஆறிக் குடிக்கும் பதம் வரட்டும்.

எவ்வளவு சலித்தாலும் அடியில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். குடிக்கும்போது நடுவில் ஒரு தடவை கலக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கடைசி வாயை விட்டுவிடுங்கள்.

மிளகு பற்றி ஒரு வார்த்தை

மிளகு சேர்த்தால் மஞ்சளின் சத்து 20 மடங்கு உடலில் சேரும் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கும். 1998-ல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்த கணக்கு அது. அதில் கொடுத்தது பிரித்தெடுத்த குர்குமின் 2 கிராம், கூடவே மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். நம் அரை தேக்கரண்டிப் பொடியில் மஞ்சள் முக்கால் கிராம் இருந்தால், குர்குமின் 20 மில்லிகிராமைச் சற்றுத் தாண்டும். அதாவது ஆய்வில் கொடுத்ததில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ஆகவே மருந்தாக நினைத்துக் கரண்டி கரண்டியாகப் போட வேண்டாம். காரத்துக்கும் மணத்துக்கும் மிளகு இருக்கட்டும்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பித்தப்பையிலோ சிறுநீரகத்திலோ கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் தினசரி குடிக்கத் தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த தடவை அரைக்கும்போது

கசப்பு தெரிந்தால் மஞ்சளை ஒரு மேசைக்கரண்டி குறைத்து, அதே அளவு பட்டையைக் கூட்டுங்கள். தொண்டையில் காரம் பிடித்தால் சுக்கைக் குறையுங்கள், மிளகில் கை வைக்க வேண்டாம். கிராம்பு மட்டும் இந்த அளவைத் தாண்டக் கூடாது. மற்ற எல்லா வாசனையையும் அமுக்கிவிடும்.

பாத்திரம் கழுவும்போது சோப்புத் தண்ணீர் பட்டு மஞ்சள் கறை செக்கச்செவேல் என்று மாறினால் பயப்பட வேண்டாம். சோப்பிலுள்ள காரத்தன்மை (ஆல்கலி) பட்டால் குர்குமின் சிவக்கும், அலசினால் பழையபடி மஞ்சளாகும். வடிகட்டும் துணியில் கறை நின்றுவிட்டால் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள், வெளுத்துவிடும்.