பீப்பாயில் ஊறிய பார்லி வைன்: செட்டிநாட்டு வெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதா பீரைக் குடிக்கிற மாதிரி பீப்பாயில் ஊறிய பார்லி வைனைக் குடித்தால் பாதி ருசிகூடத் தெரியாது, போதை மட்டும் முழுசாக ஏறும். பார்லி வைன் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டைக் கெட்டியாகக் காய்ச்சி நொதிக்க வைக்கும் கடுமையான எய்ல் என்ற பீர் வகை. ஆல்கஹால் பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதம் இருக்கும். போர்பன் (அமெரிக்க விஸ்கி), ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு வைன்) போன்றவை இருந்த ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்தால் அதற்கு மேலும் போகும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இந்தப் பாட்டில் வருவதென்றால் பெரும்பாலும் வெளிநாட்டுச் சொந்தங்களின் பெட்டிக்குள்தான். சுங்க விதிப்படி மதுவகை எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 2 லிட்டர், அதாவது 330 மி.லி. பாட்டிலில் ஆறு. அவ்வளவு தூரம் பத்திரமாக வந்தது, திறப்பதற்கு முன்பே நம் வீட்டில் கெட்டுப்போகிறது. அதனால் முதலில் வெயிலைப் பற்றித்தான் பேச வேண்டும்.

கார் டிக்கியும் அலமாரியும்

திருச்சி விமான நிலையத்திலிருந்து காரைக்குடி சுமார் 90 கி.மீ. வழியில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி 50 டிகிரியைத் தொடும். பாட்டிலைத் துணியில் சுற்றி, ஏசி ஓடும் இடத்தில் காலடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். சாப்பிட இறங்கும்போது பையோடு கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த தவறு நடக்கிறது. ‘நிலவறையில் 12 டிகிரியில் வைக்கவும்’ என்று லேபிளிலோ புத்தகத்திலோ படித்துவிட்டு, ‘நம் வீட்டுச் சுவர்தான் இரண்டடி கனமாச்சே’ என்று வளவை (நடுமுற்றத்தை) ஒட்டிய உள்ளறை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கனமான சுண்ணாம்புச் சுவர் மத்தியான உச்சத்தைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் சித்திரை, வைகாசியில் அந்த அறையும் இரவு பகலாக 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. 12 டிகிரியில் ஒரு வருஷம் ஆகிற வேலை 32 டிகிரியில் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அதுவும் நல்லபடியாக முடியாது. அட்டைப்பெட்டி வாசனையும் சோயா சாஸ் வாசனையும் முந்திக்கொண்டு வரும்.

ஆகவே நம் ஊருக்கு ஃப்ரிட்ஜ்தான் சரி. 4–5 டிகிரியில் பழுப்பது மெதுவாகும், கெடாது. கதவில் வைக்காமல் உள்தட்டில், நேராக நிறுத்தி வையுங்கள். படுக்கவைப்பது கார்க் அடைத்த திராட்சை வைனுக்கான வழக்கம். இங்கே நிறுத்தி வைத்தால்தான் ஈஸ்ட் வண்டல் அடியில் படியும். குடிப்பதற்கு முந்தைய ஒரு நாளாவது பாட்டிலை அசைக்கவே கூடாது. வெளிச்சமும் ஆகாது. பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டு உடைந்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றத்தை உண்டாக்கும். பழுப்புக் கண்ணாடி அதை ஓரளவுக்குத்தான் தடுக்கும்.

குளிரக் குளிர ஊற்றுவது

நடக்கிற தவறுகளில் பெரியது இதுதான். 4 டிகிரியில் ஊற்றினால் கருப்பட்டி வாசமும் உலர்பழ வாசமும் மேலே எழும்பாது. வெறும் தித்திப்பு, கசப்பு, ஆல்கஹாலின் சுருக்கு மூன்றும்தான் நாக்கில் தெரியும். 10 முதல் 14 டிகிரிக்குள் ஊற்ற வேண்டும். 30–32 டிகிரி இருக்கும் அறையில் 330 மி.லி. பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 20–25 நிமிடம் வெளியே வைத்தால் 12 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஏசி போட்ட அறை என்றால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். சமையலறைத் தெர்மாமீட்டர் இருந்தால் முதல் ஊற்றில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடிகாரமே போதும்.

மறுபக்கத் தவறும் நம் ஊரில் சுலபமாக நடக்கும். க்ளாஸின் அடிப்பாகத்தை உள்ளங்கையில் ஏந்திச் சூடேற்றச் சொல்லும் யோசனை குளிர்நாட்டுக்கானது. இங்கே மேஜையில் வைத்திருந்தாலே கால் மணி நேரத்தில் 18 டிகிரிக்கு ஏறிவிடும். அதற்கு மேல் போனால் ஆல்கஹால் ஆவி மற்ற எல்லா வாசனையையும் அமுக்கிவிடும். க்ளாஸைத் தண்டில் பிடியுங்கள். பாட்டிலை ஒரேயடியாகக் காலி செய்யாமல், மிச்சத்தை நாலைந்து ஐஸ் கட்டி மிதக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, இரண்டு சுற்றாக ஊற்றுங்கள். ஐஸ் பாத்திரத்தோடு நிற்கட்டும், க்ளாஸுக்குள் வேண்டாம். சோடாவும் வேண்டாம். விஸ்கியில் சில துளி தண்ணீர் வாசனையை எழுப்பும். இதில் தண்ணீர் சேர்ந்தால் நாக்கில் படியும் கெட்டித்தன்மை போய்விடும். பார்லி வைனுக்கு உயிரே அந்தக் கெட்டித்தன்மைதான்.

அளவு

12 சதவீதம் என்றால் 330 மி.லி. பாட்டிலில் 39.6 மி.லி. சுத்த ஆல்கஹால். 5 சதவீத பீர் 650 மி.லி. பெரிய பாட்டிலில் இருப்பதே 32.5 மி.லி.தான். 100 மி.லி. பார்லி வைன் ஏறக்குறைய 42.8 சதவீத விஸ்கி ஒரு சின்ன பெக்குக்குச் சமம். ருசி பார்க்க ஒருவருக்கு 90–100 மி.லி. தாராளம். தித்திப்பும் கெட்டியும் சேர்ந்து கடுமையை மறைப்பதால் ‘ஒன்றும் ஏறவில்லையே’ என்று அடுத்த க்ளாஸை ஊற்றுவதுதான் ஆபத்து. வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்த எல்லை 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. அவருக்கு இந்த மேஜையில் இடம் இல்லை. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கும், மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் அப்படியே.

க்ளாஸும் அறையும்

வெள்ளி டம்ளர், எவர்சில்வர் டம்ளர் இரண்டும் சரிப்படாது. நிறமும் தெரியாது, வாசனையும் நிற்காது. அடி அகன்று வாய் குறுகிய ஸ்னிஃப்டர் அல்லது துலிப் க்ளாஸ் வேண்டும். இல்லையென்றால் சின்ன வைன் க்ளாஸ் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் எலுமிச்சை சோப்பின் வாசனை க்ளாஸில் தங்கும். வெந்நீரில் இரண்டு முறை அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவையுங்கள்.

சாம்பிராணி போட்ட அறை, மல்லிகைச் சரம், அத்தர், ஊதுபத்தி, பக்கத்தில் தாளிக்கும் அடுப்பு எல்லாம் மூக்கைத் திருப்பிவிடும். காற்றோட்டமான முகப்பிலோ வளவிலோ உட்காருவது நல்லது. வெற்றிலை, புகையிலை, காபி, பல் துலக்குவது ஆகியவற்றை ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூக்கை உள்ளே விட்டு இழுப்பது

க்ளாஸுக்குள் மூக்கை விட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் ஆல்கஹால் சுரீரென்று ஏறும். அடுத்த சில நிமிடங்களுக்கு வேறெதுவும் தெரியாது. வாயைக் கொஞ்சம் திறந்தபடி, க்ளாஸை மூக்குக்கு மூன்று நான்கு செ.மீ. கீழே மெல்ல நகர்த்துங்கள். சின்னச் சின்னதாக இரண்டு மூன்று மூச்சு, அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் இன்னும் கொஞ்சம் பக்கத்தில். முதல் வாய் 5 மி.லி. போதும், அது நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். ருசியைப் பற்றி முடிவு சொல்வது இரண்டாவது வாயில். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். பீப்பாயின் வாசனை முழுசாகத் தெரிவது அந்த மூச்சில்தான்.

இதில் என்ன தேடுவது என்று தெரியாமல் வெளிநாட்டுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு திணற வேண்டியதில்லை. டாஃபி, பிளம், மொலாசஸ் என்றெல்லாம் அவர்கள் எழுதுவதற்குப் பக்கத்து வாசனைகள் நம் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கின்றன. சின்ன மூடிபோட்ட கிண்ணங்களில் கருப்பட்டி ஒரு துண்டு, பேரீச்சை, உலர்திராட்சை, வறுத்த தேங்காய்ச் சில், தட்டிய கிராம்பு, வெனிலா எசன்ஸ் இரண்டு சொட்டு என்று தனித்தனியாக வைத்து, ஊற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒவ்வொன்றையும் முகர்ந்து பாருங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. நீண்ட நேரம் கொதிக்கும்போது மால்ட் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து கருகிய இனிப்பு வாசம் உண்டாகிறது. கருப்பட்டி காய்ச்சும்போதும் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். ஓக் மரத்தில் லாக்டோன் என்ற பொருள் தேங்காய் வாசம் தருகிறது. மரத்தைச் சுடும்போது வெனிலின் வருகிறது. கிராம்புக்கு வாசம் கொடுக்கும் யூஜினால் ஓக்கிலும் இருக்கிறது. அதாவது க்ளாஸில் கிராம்பு வாசம் தெரிந்தால் அது கற்பனை இல்லை, மூலக்கூறே ஒன்றுதான்.

கிண்ணங்களைக் க்ளாஸுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்காதீர்கள். முகர்ந்தபின் உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும், கிராம்பு முக்கியமாக. இன்னொன்று, பர்மாத் தேக்கு வாசத்தோடு வளர்ந்தவர்கள் மர வாசனை என்றதும் தேக்கைத் தேடுவார்கள். ஓக் வேறு. அதில் எண்ணெய்ப் பிசுக்கு வாசம் இல்லை. உலர்ந்த, லேசாகத் துவர்க்கும், இனிப்பை ஒட்டிய வாசம் அது.

எந்தப் பீப்பாய் என்பதையும் பார்த்துவிட்டுத் தேடுங்கள். அமெரிக்கச் சட்டப்படி போர்பனை உள்ளே கருக்கிய புது ஓக் கலத்தில்தான் ஊறவைக்க வேண்டும். அதனால் சுமார் 200 லிட்டர் கொள்ளும் பழைய பீப்பாய்கள் பீர் ஆலைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. வெனிலா, தேங்காய், கரி வாசம் அவற்றில் தூக்கலாக இருக்கும். ஷெர்ரிப் பீப்பாய் உலர்திராட்சையும் கொட்டை வாசமும் தரும். இங்கிலாந்தின் ஜே.டபிள்யூ. லீஸ் ஆலை தன் ஹார்வெஸ்ட் எய்லை ஷெர்ரி, போர்ட் (போர்ச்சுகல் வைன்), கால்வடோஸ் (ஆப்பிள் பிராந்தி), லகாவுலின் (ஸ்காட்லாந்தின் புகை விஸ்கி) பீப்பாய்களில் தனித்தனியாக ஊறவைத்து விற்றிருக்கிறது. லகாவுலின் பீப்பாயில் வரும் மருந்துப்புகை வாசம் அந்த விஸ்கியுடையது, கோளாறு இல்லை.

குணத்தைக் கோளாறு என்பது, கோளாறைக் குணம் என்பது

நுரை வராவிட்டால் பலர் ‘பழசு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆல்கஹால் கூடினால் நுரை நிற்காது, பீப்பாயில் கிடந்ததில் வாயுவும் குறைவாகவே இருக்கும். அடியில் வண்டல் இருப்பதும் சாதாரணம். கடைசி ஒரு செ.மீ.யைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டால் போதும். லேசான ஷெர்ரி வாசமும் கொட்டை வாசமும் காற்றோடு மெதுவாகப் பழகியதால் வருவது, இந்த வகையில் அது விரும்பத்தக்கதே.

நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அப்படியில்லை. அது வெப்பத்தில் கெட்டது. வினிகர் புளிப்பும் நெயில் பாலிஷ் வாசமும் தூக்கலாக வந்தால் பீப்பாயில் அசிட்டிக் பாக்டீரியா புகுந்திருக்கிறது. உருக்கின வெண்ணெய் மாதிரி வழவழப்பாக வந்தால் அது நொதிக்கும்போது உண்டாகும் டையசிட்டைல் என்ற பொருள். ஈரச்சாக்கு வாசம் கார்க்கிலிருந்தோ மரத்திலிருந்தோ வரும் பூசணக் கோளாறு. மூடியைத் திறந்ததும் பாட்டில் தானாகப் பொங்கி வழிந்தால் பெரும்பாலும் கிருமி உள்ளே வேலை செய்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கியது என்பதற்காக இவற்றை ‘பீப்பாய் ருசி’ என்று சமாதானம் சொல்லிக் குடிக்க வேண்டாம்.

மிளகுக்கோழியோடு

செட்டிநாட்டில் இந்தத் தவறைச் சொல்லாமல் விட முடியாது. நாக்கில் சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பி சாதாரணமாக 42 டிகிரிக்கு மேல்தான் விழிக்கும். மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும் அதையேதான் தூண்டுகின்றன. ஆல்கஹால் அந்த வரம்பை 34 டிகிரி அளவுக்கு இறக்கிவிடும். வாய்க்குள் இருப்பதே அதைவிடச் சூடு. அதனால் மிளகுக்கோழி ஒரு துண்டுக்குப் பிறகு பார்லி வைன் ஒரு வாய் குடித்தால் இரண்டும் சேர்ந்து எரியும், ஓக்காவது கருப்பட்டியாவது, எதுவும் தெரியாது. கோழியைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதற்கு வேண்டாம்.

கருப்பட்டிப் பணியாரமும் பொருத்தம் போலத் தோன்றும், ஆனால் பார்லி வைனைவிட இனிப்பான பண்டம் அதைக் கசப்பாகவும் மெலிவாகவும் காட்டிவிடும். சீப்புச் சீடை நல்ல துணை. அதன் தேங்காய்ப்பால் வாசம் ஓக்கின் தேங்காய் வாசத்தோடு சேரும், உப்பு இனிப்பை அடக்கும். சர்க்கரை குறைத்த கவுனி அரிசியும், உப்பில்லாமல் வறுத்த முந்திரியும் சரி. ஸ்டில்டன் போன்ற நீலப் பாலாடைக்கட்டி கிடைத்தால் இங்கிலாந்தில் பழக்கமான சேர்க்கை அது. இடையில் நாக்கைத் துடைக்க வெறும் இடியாப்பத்துண்டும் சாதாத் தண்ணீரும். மோர் வேண்டாம், புளிப்பு நாக்கில் தங்கிவிடும்.

வைத்திருந்தால் எல்லாம் கூடும் என்ற நினைப்பு

ஆங்கிலேய வகை மால்ட் தூக்கலானது, சில வருஷம் தாங்கும். 1983-ல் வந்த சியரா நெவாடா பிக்ஃபுட் போன்ற அமெரிக்க வகையில் ஹாப்ஸ் கசப்பும் வாசமும்தான் முக்கியம். நாளாக நாளாக ஹாப்ஸ் வாசம் மங்கும். அந்த வாசம் வேண்டுமென்றால் வந்த வருஷமே திறந்துவிடுங்கள். பீப்பாயில் ஊறியது ஆலையிலேயே ஒரு சுற்று பழுத்துத்தான் வெளியே வருகிறது. நம் வீட்டு ஃப்ரிட்ஜும் மின்வெட்டும் சேர்ந்த நிலையில் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருப்பதில் லாபம் குறைவு.

திறந்த பாட்டிலை மூடி வைத்து அடுத்த வாரம் குடிக்கலாம் என்பதும் நடக்காது. இறுக்க மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை பரவாயில்லை, அதற்குப் பிறகு வாயு போய் ருசி தட்டையாகிவிடும். 330 மி.லி. பாட்டிலை மூன்று பேர் இருக்கும்போதும், 750 மி.லி. பாட்டிலை ஏழெட்டுப் பேர் இருக்கும்போதும் திறப்பதே கணக்கு.