வீட்டுக்கல்விக் குடும்பத்தின் சனி, ஞாயிறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உங்களுக்குத்தான் தினமும் லீவாச்சே!" பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். நிலைமை நேர்மாறு. பள்ளிக்குப் போகிற பிள்ளை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையை மூலையில் வீசியதும் வாரம் முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அப்படி மணி அடிக்க ஆளில்லை.

அதனால் எல்லாரும் செய்கிற முதல் தவறு, சனிக்கிழமையை அரியர் நாளாக்குவது. புதன்கிழமை காய்ச்சலில் விட்டுப்போன கணக்கு, பாதியில் நிற்கும் கட்டுரை என்று எல்லாவற்றுக்கும் "சனிக்கிழமை பார்த்துக்கலாம்" என்போம். விட்டுப்போனதை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பதே மனதில் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதிவிட்டார். நான்கு நாள் பாடத்தைச் சனிக்கிழமை காலையில் திணிப்பது யாருக்கும் லாபமில்லை.

ஆனால் பெரிய தவறு பிள்ளை விஷயத்தில் நடப்பதில்லை, சொல்லிக்கொடுப்பவர் விஷயத்தில்தான் நடக்கிறது. பெரும்பாலும் அது அம்மா. வாரம் முழுக்கப் பாடம், சமையல், பஞ்சாயத்து எல்லாம் அவர் தலையில். சனிக்கிழமை வந்தால் அலுவலகம் போகிறவர் ஓய்வெடுப்பார். இவர் துணி மடித்தபடி திங்கட்கிழமைப் பாடத்துக்குத் தயாராவார். அவருக்கென்று அரை நாள் ஒதுக்குங்கள், அதுவும் வீட்டுக்கு வெளியே. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவது லீவு ஆகாது, ஐந்து நிமிடத்தில் கதவைத் தட்டுவார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: வாரம் முழுக்க வெளியே இருந்தவர் சனிக்கிழமை காலையில் நோட்டைப் புரட்டி, "இவ்வளவுதான் முடிச்சீங்களா?" என்பது. கேட்டது பிள்ளையை, குத்துவது இன்னொருவரை. பரிசோதனை அதிகாரி வேலை வேண்டாம். அந்த அரை நாளில் பிள்ளைகளோடு சேர்ந்து சைக்கிளைப் பிரித்து மாட்டினாலே போதும்.

அருங்காட்சியகம், பூங்கா மாதிரி இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்க் கூட்டத்தில் நசுங்காதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை காலியாகக் கிடக்கும். பள்ளிக்குப் போகிற நண்பர்களுக்கும் சித்தி, மாமா வீட்டுப் பிள்ளைகளுக்கும் சனி, ஞாயிறுதான் நேரம். அந்த நாட்களை அவர்களுக்கு விட்டுவைக்காததால்தான் பல பிள்ளைகள் தனியாக நிற்கிறார்கள்.

அப்புறம், எதைப் பார்த்தாலும் பாடமாக்குவது. இதில் நானும் குற்றவாளி. ஒரு ஞாயிறு மாலை நடந்து போகும்போது மரத்தைக் காட்டி ஒளிச்சேர்க்கையில் ஆரம்பித்தேன். மகள் நின்று, "இது பாடமா, சும்மாவாம்மா?" என்றாள். சும்மாதான் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாக, வார விடுமுறை சனி, ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது. ஹென்றி ஃபோர்டு 1926-இல் தன் கார் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 5 நாள் வேலை என்று ஆக்கினார். இரண்டு நாள் விடுமுறை பரவியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. அது தொழிற்சாலைக் கணக்கு. உங்கள் வீட்டில் ஒருவருக்கு வார விடுமுறை புதன்கிழமை என்றால் புதனையே லீவாக்கி, சனிக்கிழமை பாடம் நடத்தலாம். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நண்பர்களுக்காக விட்டுவையுங்கள்.