ஃபைபர் படகின் அடிப்பாகத்தில் பழைய பெயின்டை உரிப்பது எப்படி?

காசிமேட்டில் படகைக் கரையேற்றியதும், ஈரம் காய்வதற்குள் சிப்பியைச் சுரண்டிவிடுங்கள். காய்ந்தால் கல்லாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவுங்கள்.

கீழே தார்ப்பாய் கட்டாயம். பாசி பிடிக்காத பெயின்டில் செம்புச் சத்து உண்டு. தூளும் கழிவுநீரும் கடலுக்குப் போகக் கூடாது. தூசி மாஸ்க், கண்ணாடி, கையுறை போடுங்கள். காய்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டாம்.

ஃபைபருக்கென்றே விற்கும் பெயின்ட் ரிமூவரைக் காலை வெயில் ஏறுமுன் தடிமனாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுங்கள். எண்ணூர்ப் பக்கத்துப் பகல் வெயிலில் மருந்து வேலை செய்யுமுன் உலர்ந்துவிடும். சாதாரண ரிமூவர், ஃபைபரின் மேல் இருக்கும் காப்புப் பூச்சான ஜெல்கோட்டையே கரைத்துவிடும்.

பெயின்ட் இளகியதும் இரண்டங்குல பட்டி பிளேடால் சுரண்டுங்கள். பிளேடின் இரு முனைகளையும் முதலில் அரத்தால் உருட்டிவிடுங்கள்; கூர்முனை கீறினால் அந்தக் கோடு வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீட்டர்தான். கிரைண்டர், தீ இரண்டும் கூடாது.

மிச்சத்தை 80 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கொப்புளம் தெரிந்தால் குத்திப் பாருங்கள்: வினிகர் வாடையோடு நீர் கசிந்தால், நன்றாகக் காயவைத்து எபாக்ஸி பிசின் அடைத்த பிறகே புதுப் பெயின்ட்.