டெக்சாஸில் பின்தங்கிய அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை மாற்றக் கோருவது எப்படி?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், தர மதிப்பீட்டில் மிகவும் பின்தங்கிய அரசுப் பள்ளிக்கு ஒதுக்கப்பட்ட பிள்ளையை வேறோர் அரசுப் பள்ளியில் சேர்க்கக் கோரும் உரிமை 1995ஆம் ஆண்டு முதல் பெற்றோருக்கு உண்டு. இத்திட்டத்துக்குள்ள ‘பப்ளிக் எஜுகேஷன் கிராண்ட்’ (பொதுக் கல்வி மானியம்) என்ற பெயரைப் பார்த்துவிட்டு உதவித்தொகை ஏதோ கைக்கு வரும் என்று எண்ணிவிட வேண்டாம். பெற்றோருக்குக் கிடைப்பது விண்ணப்பிக்கும் உரிமை மட்டுமே.

உங்கள் பள்ளி இப்படிப் பின்தங்கிய பள்ளிகளின் பட்டியலில் இருந்தால், உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்ட நிர்வாகம் பிப்ரவரி 1ஆம் தேதிக்குள் அதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மதிய உணவு அட்டவணையோடும் சுற்றுலா அனுமதிச் சீட்டோடும் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும் ஒற்றைத் தாளாகக்கூட அது வந்து சேரலாம் என்பதால், அந்த வாரங்களில் பையை நாள்தோறும் பாருங்கள். தாள் வராவிட்டாலும், பட்டியலை மாநிலக் கல்வித் துறையே வெளியிடுகிறது.

விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் பேருந்தைப் பற்றி விசாரியுங்கள். வேறு மாவட்டத்துப் பள்ளியில் இடம் கிடைத்தால், உங்கள் மாவட்டம் பிள்ளையை இலவசமாக ஏற்றிச் செல்லக் கடமைப்பட்டிருப்பது பழைய பள்ளி வரைக்கும்தான். அங்கிருந்து புதிய பள்ளி எத்தனை மைல் தொலைவில் இருந்தாலும் அது பெற்றோர் பாடு. ஒரே ஒரு கார், அதுவும் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடும் என்ற நிலையில் உள்ள குடும்பத்துக்கு இந்த உரிமை தாளோடு நின்றுவிடுகிறது. இச்சட்டத்தின் ஆகப் பெரிய குறை இதுவே என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் விரும்பும் மாவட்டம் விண்ணப்பத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் இனம், பாலினம், மதிப்பெண், விளையாட்டுத் திறன், மொழித் தேர்ச்சி, குடும்பப் பொருளாதாரம் ஆகியவற்றைக் காட்டி மறுக்கக் கூடாது. ‘பிள்ளைக்கு ஆங்கிலம் போதாது’ என்று வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பினால், அந்தக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடக்கும்.

சேர்ந்த பிறகு பழைய பள்ளி முன்னேறிவிட்டாலும் பிள்ளையின் தகுதி பறிபோகாது. எனினும், அடுத்த கட்டமாக அவனுக்கோ அவளுக்கோ ஒதுக்கப்படும் நடுநிலைப் பள்ளி பட்டியலில் இல்லையென்றால் தகுதி அத்துடன் முடிந்துவிடும். ஆகவே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விண்ணப்பிப்பவர்கள், அந்த நடுநிலைப் பள்ளி எது, அதன் தரம் என்ன என்பதை முதலிலேயே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.