த்ராட்டில் ஓடுது, பெடல் மிதிச்சா மட்டும் கம்முனு கிடக்குதா?

பழைய சைக்கிள்ல 36 வோல்ட், 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்து நடுவுலயே இருக்கிற மோட்டார்) கிட் மாட்டினேன். த்ராட்டில் முறுக்கினா பிச்சிக்கிட்டு போகுது, பெடல் மிதிச்சா அசையவே இல்ல. ரெண்டு ஞாயித்துக்கிழமை இதுலயே போச்சு.

த்ராட்டில் ஓடுதுன்னா பேட்டரி, மோட்டார், பிரேக் கட்-ஆஃப் (பிரேக் பிடிச்சா மோட்டார நிறுத்துற சுவிட்ச்) எதையும் நோண்டாதீங்க. டிஸ்ப்ளேல அசிஸ்ட் லெவல், அதாவது மிதிக்கும்போது மோட்டார் எவ்வளவு உதவணும்ங்கிறது, 0ல இருக்கான்னு மட்டும் பாருங்க. சிரிக்காதீங்க, நடக்கும். அது சரியா இருந்தா அடுத்த சந்தேகம் பெடல் சென்சார்தான்: கிராங்கோட (பெடல் மாட்டுற கை) சேர்ந்து சுத்துற காந்தத் தட்டு, அதுக்குப் பக்கத்துல மூணு ஒயரோட நிக்கிற சென்சார்.

1. மல்டிமீட்டர எடுங்க. கையால ரேஞ்ச் மாத்துற சல்லிசான மீட்டரே போதும், ஆட்டோ ரேஞ்ச்னா இதுக்கு எரிச்சல்தான், அது ரேஞ்ச் தேடி முடிக்கிறதுக்குள்ள காந்தம் தாண்டிடும். டிசி 20 வோல்ட்ல வச்சு, சென்சார் கனெக்டர கழட்டாம பின்பக்கமா குத்தி, சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவுல பாருங்க. 5 வோல்ட் பக்கம் வரணும். வரலன்னா சென்சார் மேல பழி போடாதீங்க, கனெக்டர் பின் மடங்கியிருக்கான்னு பாருங்க.

2. மிச்சமிருக்கிற ஒயர்தான் சிக்னல், கலர் கிட்டுக்கு கிட்டு மாறும். கருப்புக்கும் அதுக்கும் நடுவுல மீட்டர வச்சு கிராங்க மெதுவா சுத்துங்க, ஒவ்வொரு காந்தத்துக்கும் மீட்டர் மேலயும் கீழயும் தாவணும். தாவலன்னா காந்தத் தட்டு தள்ளி நிக்குது, 2, 3 மில்லிமீட்டருக்குள்ள கொண்டு வாங்க.

3. நான் மாட்டிக்கிட்டது இங்கதான். சிக்னல் அழகா தாவுது, மோட்டார் மட்டும் ஓடல. சும்மா கடுப்புல பெடல பின்னாடி சுத்தினேன், வீல் விர்ருனு சுத்துது! வலது கிராங்குக்கு வந்த தட்ட நான் இடது பக்கம் மாட்டியிருந்தேன். இந்த மாதிரி சென்சார்ல சிக்னல் ஏறி நிக்கிற நேரமும் இறங்கி நிக்கிற நேரமும் சமமா இருக்காது, அத வச்சுத்தான் கன்ட்ரோலர் முன்னாடி மிதிக்கிறோமா பின்னாடியான்னு கண்டுபிடிக்குது. தட்டு திரும்பினா கணக்கும் திரும்பிடும். நீங்களும் வீல தூக்கி வச்சு பின்னாடி சுத்திப் பாருங்க, விரல் ஸ்போக் பக்கம் போகாம. ஓடுச்சுன்னா தட்ட புரட்டிப் போட்டா முடிஞ்சுது.

தட்ட புரட்ட கிராங்க கழட்டணும், அதுக்கு புல்லர் (கிராங்க இழுத்து எடுக்கிற கருவி) வாங்கிடுங்க, சுத்தியல் வேணாம். காட்டர் பின் (கிராங்க அச்சோட இறுக்குற ஆப்பு) போட்ட பழைய சைக்கிள்னா சுத்தியல் இல்லாம ஆகாது, ஆனா நட்ட முழுசா கழட்டாம நுனியில விட்டு அடிங்க, இல்லன்னா மரை நசுங்கிடும். அந்த மாதிரி வண்டிக்கு ரெண்டு பாதியா பிரியுற தட்டுதான் என் ஓட்டு, கிராங்க தொடவே வேணாம்.

பின்சேர்க்கை: மழைக்கப்புறம் விட்டு விட்டு ஓடுதுன்னு கேட்டிருந்தீங்க. கனெக்டர பிரிச்சு காய வச்சு கான்டாக்ட் கிளீனர் அடிங்க. அப்பவும் அப்படியேன்னா தட்டு கோணலா சுத்துதான்னு பக்கவாட்டுல குனிஞ்சு பாருங்க, ஒரு பக்கம் ஒட்டி ஒரு பக்கம் விலகி ஓடினா அந்த இடத்துல மட்டும் சிக்னல் விட்டுப்போகும்.